காலியாக விட்ட நாள்கள்

வெல்லாவெளியில் புஸ்பத்தின் வளவில், மரநிழல் விழாத இடமாகப் பார்த்து ஒரு மழைமானி நட்டிருந்தார்கள். தினமும் காலை எட்டரைக்கு அதில் தேங்கிய தண்ணீரை அளந்து, கொப்பியில் எழுதி, கைப்பேசியில் அனுப்புவாள். வாவியைச் சுற்றிய ஊர்களில் இப்படி நாற்பது பேர் சம்பளமில்லாமல் அளந்தார்கள். எந்த வயல் வட்டையில் எவ்வளவு மழை என்று ஆய்வுக்காரர் ஒரு படம் வரையப்போகிறார்கள். அதில் வெல்லாவெளிக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளி நான்தான் என்று அடுப்படியில் நிற்கும்போது நினைத்துக்கொள்வாள். யாரோ வெகு உயரத்திலிருந்து தன்னைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

ஆவணியில், ஆய்வுக் குழுவின் டினோஷா மட்டக்களப்பிலிருந்து வந்து கொப்பியைப் புரட்டினாள்.

"அன்ரி, வைகாசியிலயிருந்து முக்கால்வாசி நாள் ஒண்டும் எழுதல்லயே. வீட்ட இருக்கல்லயா?"

"இருந்தன் மகள். ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்தன். மழை பெய்யல்ல, மறுகா என்னத்த எழுதிற?"

"சைபர் எண்டு எழுதணும் அன்ரி."

புஸ்பம், 'இல்லை' என்று சொன்னால் ஆகாதென்று, அரிசிப் பானை வெறுமையானாலும் 'நிறைஞ்சு போச்சு' என்று சொல்லும் வீட்டில் பிறந்தவள். காய்ந்து வெடித்த வட்டையைப் பார்த்துக்கொண்டு, விடிந்ததும் மழை இல்லை என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை.

"எழுதாம விட்டா, ஆள் பார்க்கல்ல எண்டுதான் எங்களுக்கு அர்த்தம்" என்றாள் டினோஷா. "இந்த வறட்சி உங்கட கொப்பியில இல்லவே இல்ல. இப்பவும் எழுதலாம், ஆனா பார்த்த நாளுக்கு மட்டும். அஞ்சு நாளுக்கு மேல விடுபட்டா இந்த வருசம் படத்தில சேர்க்க ஏலாது."

புஸ்பம் பேனையை எடுத்தாள். முதல் சைபரை மெல்ல, சின்னதாகப் போட்டாள். பத்தாவதில் கை பழகிவிட்டது. ஆனி மாதத்துக்கு வந்ததும் நின்றாள். களுதாவளைப் பிள்ளையார் திருவிழாவுக்குப் போய், அவளும் கணவனும் தங்கச்சி வீட்டில் எட்டு நாள் தங்கியிருந்தார்கள். திரும்பி வந்தபோது மழைமானி காய்ந்து கிடந்தது. பெய்யவே இல்லையா, பெய்ததை வெயில் குடித்ததா, யாருக்குத் தெரியும்?

கணவன் நல்லரத்தினம் எட்டிப் பார்த்தார். "அதுக்கும் முட்டையப் போடுகா. கோடையில என்ன பெய்யப்போகுது? பிள்ளையாரா வந்து கொப்பி பார்க்கப்போறார்?"

"நீங்க அங்க மோதகம் திண்டுகொண்டு இருந்தீங்க. இஞ்ச பெய்யல்ல எண்டு ஆர் உங்களுக்குச் சொன்ன?"

எட்டுக் கட்டங்களையும் காலியாக விட்டுக் கொப்பியை நீட்டினாள். டினோஷா இரண்டு தரம் எண்ணினாள்.

"இந்த வருசம் புள்ளி வராது அன்ரி."

"தெரியும் மகள்."



மறுநாள் எட்டரைக்கு மழைமானியில் ஒரு சொட்டும் இல்லை. கொப்பியில் சைபர் போட்டு, கைப்பேசியிலும் அனுப்பினாள்.

"எழுதிட்டியா? இனி மழை கோவிக்கப்போகுது" என்று சிரித்தார் நல்லரத்தினம்.

"கோவிக்கட்டும். எத்தின நாள் கோவிச்ச எண்டு இதில இரிக்கும்."