கைதூக்கிக் கோயிலில் ஓலை

செண்பகனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, பேக்கரியை ஒட்டிக் கீழே போகும் சிமெண்டுப் பாதையில் நடந்தால் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில் ஒன்று வரும். வாசல் பலகையில் 'பிரஸ்பிட்டேரியன் சபை' என்று எழுதியிருக்கும். அந்தப் பெயர் அக்கம்பக்கத்தில் ஒருவர் வாயிலும் நுழைந்ததில்லை. 'கைதூக்கிக் கோயில்' என்று கேட்டால்தான் ஆட்டோக்காரருக்கே வழி தெரியும். பெயர் சும்மா வந்துவிடவில்லை. அங்கே எதுவானாலும் சபையார் கை தூக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். சுவருக்கு என்ன நிறம், கிறிஸ்துமஸ் கேக்கில் முந்திரி போடலாமா, ஆராதனை முடிந்து குடிக்கிற டீயில் இஞ்சி தட்டலாமா, எல்லாவற்றுக்கும் கைதான். ஒரு வருஷம், இந்தக் கை தூக்கும் வழக்கத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுக் கை தூக்கச் சொன்னார்கள். ஒரு கைகூட எழும்பவில்லை.

இன்னொரு விசேஷமும் அந்தச் சபைக்கு உண்டு. பிரசங்கத்துக்கு வருகிறவர்களைவிடச் செய்திக்கு வருகிறவர்கள் அங்கே அதிகம். காணிக்கை எடுத்து முடித்ததும் லீலா எழுந்து முன்னால் போய் நின்று சபைச் செய்தி வாசிப்பாள். நாற்பத்தாறு வயது. பாதைக்கு மேலே இருக்கிற பேக்கரியில் கல்லாவில் உட்காருகிறவள். டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பன் வாங்குகிறார்களோ இல்லையோ, அவளிடம் வீட்டுச் சேதியைச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். அதையெல்லாம் வாரம் முழுக்கச் சேர்த்து வைத்து ஞாயிற்றுக்கிழமை அவள் பரிமாறுவாள்.

"சகோதரர் இஸ்ரவேலுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நர்சுகளைத் திட்ட ஆரம்பித்துவிட்டார், ஆகவே குணமாகிவிட்டார் என்று அறிகிறோம். பாக்கியம் அக்கா வீட்டு மாடு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. ஆரோன் தம்பி கணக்கில் பாஸ். கர்த்தரால் எல்லாம் கூடும்."

சிரிப்பு அடங்குவதற்குள், சபையை நிர்வகிக்கிற மூப்பர்களில் பெரியவரான தேவசகாயம் மூப்பர் எழுந்து, "ஆதரிக்கிறவர்கள்?" என்பார். முன்னால் நிற்கும் லீலாவின் கை முதலில் போகும். அதைப் பார்த்துச் சபையே கை தூக்கும். மாடு கன்று போட்டதற்குச் சபையின் ஆதரவு எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. மூப்பர் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். விதி என்றால் விதி. கேட்க வேண்டியதைக் கேட்காமல் வண்டியை எடுக்க விடமாட்டார்.

இப்படிப்பட்ட லீலாவுக்குத்தான் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை மன்னவனூர் ஞானசிகாமணி. எல்லாரும் கூப்பிடுவது சிகாமணி. ஐம்பதைத் தொட்ட பிரம்மச்சாரி. மலைப்பூண்டும் கேரட்டும் போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே ஜீப்பை எடுத்துக்கொண்டு, வழியில் நடக்க மாட்டாதவர்களை ஏற்றிக்கொண்டு கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் மழை வரும் என்று ஜீப்பில் வருகிறவர்களே சொல்வார்கள். "உங்க பக்கம் என்னங்க செய்தி?" என்று லீலா கேட்டால், "ஒண்ணுமில்லீங்க" என்பார். ஈஸ்டர் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும், "ஒண்ணு இருக்குங்க. ஆனா நீங்க சம்மதிச்சாத்தான் அது செய்தி" என்றார். லீலாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அப்பாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்ததிலேயே வயசு ஓடிப்போனவள் அவள். இனிமேல் நமக்கென்ன என்று இருந்தவளுக்கு அன்று டீயில் சர்க்கரை போடக்கூட மறந்துபோனது. அடுத்த வாரமே சம்மதம் சொல்லிவிட்டாள்.

சொன்னபோதே ஒரு தப்பும் செய்தாள். வாக்கப்படுகிற இடம் மலைக்கு அந்தப் பக்கம். தோட்டமும் மாடும் இருக்கிற வீடு. ஞாயிறுதோறும் இவ்வளவு தூரம் வர முடியுமா என்று தனக்குத்தானே ஒரு கணக்குப் போட்டு, "இனிமே செய்திய வேற யாராச்சும் வாசிச்சுக்கட்டுங்க. நான் விட்டுர்றேன்" என்று சொல்லிவிட்டாள். ஐயோ, அதெல்லாம் வேண்டாம் என்று அவர் சொல்வார் என்பது அவள் எதிர்பார்ப்பு. மனுஷன், "சரிங்க" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு 'சரிங்க' அவள் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. அவரும் வேண்டும், செய்தியும் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கம். வயசு போன காலத்தில் கிடைத்த வாழ்வில் நொட்டை சொல்கிறாள் என்று பேச்சு வந்துவிடக்கூடாதே என்கிற பயம் வேறு. அதனால் முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்தாள்.

முதல் ஓலை வாசிக்கிற ஞாயிறு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெண் மாப்பிள்ளை பெயரைச் சபையில் வாசித்து, தடை தெரிந்தவர்கள் உண்டா என்று கேட்பதற்குத்தான் ஓலை என்று பெயர். அந்தக் கோயிலில் ஓலை வாசித்து வெகுகாலம் ஆகிவிட்டது. பிள்ளைகள் எல்லாம் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் வேலைக்குப் போய் அங்கேயே கட்டிக்கொள்கிறார்கள். போதகர் ஜெயசிங்கோ நாகர்கோவில் பக்கத்திலிருந்து புதிதாக வந்த இளைஞர். இந்தச் சபையின் கைப்பழக்கம் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. அன்றைக்கு லீலா செய்திகளை வாசித்து முடித்து, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வழக்கமான இடத்திலேயே தலைகுனிந்து நின்றாள். போதகர் கணீரென்று வாசித்தார்.

"செண்பகனூர் லீலாவும் மன்னவனூர் ஞானசிகாமணியும் விவாகம் செய்துகொள்ள மனதாயிருக்கிறார்கள். இவர்கள் இணைவதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் இப்பொழுதே தெரிவிக்கவும்."

செய்தி முடிந்தது, கேள்வி வந்தது. லீலாவின் கை தன்பாட்டில் மேலே போனது.

அவள் கையைப் பார்த்துச் சபையே கை தூக்கியது. தொட்டில் பிள்ளையைத் தவிர ஒருத்தர் பாக்கியில்லை. போதகருக்கு முகம் வெளுத்துவிட்டது. இத்தனை பேருக்கு ஆகாத கல்யாணத்தையா ஓலையில் ஏற்றினோம் என்று நடுங்கிப்போனார். முதலில் சுதாரித்தவள் ராக்காயி. கேரட் கழுவுகிற இடத்தில் மேஸ்திரியாக இருக்கிறவள். ஞானஸ்நானம் எடுத்தபோது எஸ்தர் என்று வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு, "இந்தப் பேரச் சொன்னா கர்த்தருக்குத் தெரியாதாக்கும்?" என்று கேட்டவள். "அடப் பாவிகளா, கைய எறக்குங்க! தடை இருக்கான்னுல்ல கேட்டாரு!" என்று கத்தினாள். அவளும் இரண்டு கையையும் தூக்கித்தான் வைத்திருந்தாள்.

கோயில் அதிரச் சிரித்தார்கள். சிரிக்காதவர் தேவசகாயம் மூப்பர் ஒருவர்தான். "சிரிக்கிற சோலி இல்ல இது. தடைன்னு ஒரு கை எழும்பினாலே மூப்பர் கூட்டம் உக்காந்து விசாரிக்கணும். விசாரிக்காம ரெண்டாவது ஓல கெடையாது" என்றார்.

"பழக்கத்துல தூக்கிட்டோம் மூப்பரே."

"அத விசாரணையில சொல்லுங்க."

விசாரணையைத் தனி அறையில் வைப்பதா, இங்கேயே வைப்பதா என்று கேட்டு, அதற்கும் கை தூக்கினார்கள். இங்கேயே என்று முடிவாயிற்று. டீயும் உள்ளேயே வந்தது. மூப்பர்மார் வரிசையாக உட்கார, ஆள் ஆளாக எழுந்தார்கள். பழக்கதோஷம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் முடிந்திருக்கும். ஆனால் எழுந்து நின்ற பிறகு வெறுங்கையாக உட்காருவதற்கு யாருக்கும் மனசு வரவில்லை.

இஸ்ரவேல் ஊன்றுகோலோடு எழுந்தார். "எனக்குத் தடையெல்லாம் இல்ல. ஆனா நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, நம்ம பேர லீலா வாசிச்சிருப்பான்னு நெனச்சுத்தான் தைரியமா இருந்தேன். அவ மன்னவனூருக்குப் போயிட்டா இனி யாரு வாசிப்பா?"

"எம் மாட்டுக்கன்ன மதிச்சு இந்த ஊர்ல யாருய்யா பேசுவா? அவதான் பேசுனா. அதுதான் எம் தடை" என்றாள் பாக்கியம் அக்கா.

ராக்காயி எழுந்தாள். "ஏத்தா லீலா, நீ கல்யாணம் கட்டு, நல்லா இரு. ஆனா செய்தி இல்லாம வெறும் பிரசங்கத்த மட்டும் எப்பிடிக் கேக்குறது?" போதகர் டீ டம்ளரை உற்றுப் பார்த்துக்கொண்டார்.

இப்படியே போயிற்று. கல்யாணத்துக்குத் தடை சொன்னவர் ஒருவர்கூட இல்லை. அவள் போவதற்குத்தான் ஆளுக்கொரு தடை. லீலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிறத்தியார் சேதியை வாசிக்கிறவள் மேல் இவ்வளவு பேருக்கு இவ்வளவு பிரியமா என்று திகைத்துப்போனாள். ஒருபக்கம் தேன் குடித்த மாதிரி இருந்தது. இன்னொரு பக்கம், விட்டுப் போகப்போவது இன்னதென்று இப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

மூப்பர் தொண்டையைச் செருமினார். "இன்னும் ஒரு கை பாக்கியிருக்கு. முதமுதல்ல எழும்பின கை. பெண்ணே தன்னோட கல்யாணத்துக்குத் தடைன்னு கை தூக்கினா, அத விசாரிக்காம விட முடியாது. சொல்லும்மா லீலா. உனக்கு என்ன தடை?"

கடைசி பெஞ்சில் சிகாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். பழக்கத்தில் தூக்கிவிட்டேன் என்று சொல்லத்தான் லீலா வாயைத் திறந்தாள். பொய்யில்லை, அது நிஜம்தான். ஆனால் கோயிலுக்குள் நின்றுகொண்டு பாதி நிஜத்தைச் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

"அவரக் கட்டிக்கிறதுல எனக்குத் தடையே இல்ல மூப்பரே. ஆசதான். ஆனா செய்தி வாசிக்கிறத விட்டுர்றேன்னு அவருகிட்ட நானே சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டாரு. அத விட எனக்கு மனசில்ல." கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவரும் வேணும், இதுவும் வேணும். இந்த வயசுல இப்பிடி ரெண்டுக்கும் ஆசப்படலாமான்னு தெரியல. ஆனா ஆசப்படுறேன்."

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. சிகாமணி எழுந்தார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் கை தூக்கினேங்க. என்னைய யாரும் விசாரிக்கலையே" என்றார்.

"விசாரிக்கிறோம். சொல்லுங்க" என்றார் மூப்பர்.

"எங்க வீட்டுக்கு எதுத்தாப்பிலயே ஒரு கோயில் இருக்குங்க. மணி அடிக்கத் தொடங்கி முடியறதுக்குள்ள நடந்தே போயிரலாம். நான் எதுக்கு இம்புட்டுத் தூரம் ஜீப்ப உருட்டிக்கிட்டு வர்றேன்? பிரசங்கம் கேக்கவா?" போதகரைப் பார்த்தார். "மன்னிக்கணும் ஐயா." மறுபடியும் மூப்பரிடம் திரும்பினார். "இவங்க செய்தி வாசிக்கறதக் கேக்கத்தான் வர்றேன். விட்டுர்றேன்னு இவங்க சொன்னாங்க. அவங்க விருப்பம், நாம யாரு வேணாங்கறதுக்குன்னு சரின்னுட்டேன். அன்னையிலருந்து எனக்குச் சோறு எறங்கலீங்க. மத்தவங்க பழக்கத்துல தூக்கினாங்க. நான் தெரிஞ்சுதான் தூக்கினேன். செய்தி வாசிக்காத லீலா யாருன்னே எனக்குத் தெரியாது. அந்தம்மாவக் கட்டிக்கிறதுக்கு எனக்குத் தடை இருக்கு."

மனுஷன் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

"அப்பிடி இருந்தா எதுக்குங்க சரின்னீங்க?" என்றாள் லீலா. அழுகையும் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"நீங்க சொன்ன எதுக்காச்சும் இதுவரைக்கும் நான் மாத்திச் சொல்லியிருக்கேனா?"

ராக்காயி தலையில் அடித்துக்கொண்டாள். "நல்ல ஜோடி! ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு விட்டுக்குடுத்தே வீணாப்போயிருக்கும்ங்க. ஏலே சிகாமணி, சனிக்கெழமையே இவளக் கூட்டிக்கிட்டு எறங்கி வந்து அவ வீட்டுலயே தங்கிரு. வாரச் சேதி சொல்ல எல்லாருட்டயும் போன் இருக்கு. மன்னவனூர்ச் சேதியும் இனிமே நமக்குத்தான். இதுக்கு ஒரு விசாரணை!"

தேவசகாயம் மூப்பர் எழுந்து, எல்லாத் தடையும் விசாரித்துத் தள்ளப்பட்டது என்று அறிவித்தார். விதி விதிதான். ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டதை எல்லாரும் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்கிற நேரம் வந்ததும் போதகர் எழுந்திருக்கவில்லை. "செய்தின்னா அக்காதானே வாசிக்கணும்? பெண் தன் ஓலையத் தானே வாசிக்கக் கூடாதுன்னு விதி இருக்கா மூப்பரே?" என்று கேட்டார். நாகர்கோவில்காரருக்கும் மலைக்காற்று பட்டுவிட்டது. அப்படி ஒரு விதி இல்லை என்றார் மூப்பர்.

லீலா எழுந்து நின்றாள். தன் பெயரைத் தானே வாசிக்கும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது. அவர் பெயருக்கு வந்தபோது தெளிந்துவிட்டது. தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று வாசித்துவிட்டுத் தலை நிமிர்ந்தாள். சபை மொத்தமும் கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தது. ராக்காயி முந்தானையால் தன் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். கடைசி பெஞ்சில் சிகாமணி சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தார்.

அதோடு அவள் உட்கார்ந்திருக்கலாம். வாசிக்க வேறு எதுவும் இல்லை. ஆனால் அவள் அங்கேயே நின்று, ஞாயிறுதோறும் செய்தி வாசிக்கிற அதே குரலில், "சபையாரே, நான் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறேன். இதுவும் செய்திதான்" என்றாள்.