அவிழ்த்துப் போட்ட படகு

என் வீட்டுக்காரர் காசிலிங்கம் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் எங்களுக்கும் ஒரு ஃபைபர் படகு கிடைத்திருக்கும். இதை யார் கேட்டாலும் சொல்வேன், எனக்கென்ன வெட்கம். கடலுக்குப் போய் வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டுமரத்தின் நாலு மரத்தையும் தனித்தனியாக மணலில் பரப்பிக் காயவைப்பார். ஈரம் குடித்த மரம் கனத்துப்போகும், சரியாக மிதக்காது. காய்ந்த பிறகு மறுபடி கட்டிக்கொண்டு போவார். வீராம்பட்டினத்தில் கட்டுமரம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் இது, பக்கத்து வீட்டு முருகையனைத் தவிர. அந்த மனுஷனுக்கு அவிழ்க்கவும் உடம்பு வளையாது, கட்டவும் வளையாது.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் மரம் அவிழ்த்துத்தான் கிடந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பிழைத்தோம். திரும்பி வந்து பார்த்தால் மூன்று மரம் வேலியில் செருகிக் கிடந்தது, நாலாவதைக் காணோம். முருகையனுடையது கட்டியது கட்டியபடியே போய் ஒரு சுவரில் மோதி மூக்கு உடைந்து கிடந்தது. தெருக்கோடி சக்கரபாணி அன்றைக்குக் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். பாவம், அவனும் போனான், அவன் கட்டுமரமும் போனது. அவன் பெண்சாதி அமிர்தவல்லிக்கு இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் படகு இழந்தவர்களுக்கும் படகு சேதமானவர்களுக்கும் ஃபைபர் படகு தருகிறோம் என்று வந்தது. கணக்கெடுக்க வந்தவர் பெயர் நாராயணசாமி, டவுனில் ஏதோ கம்பெனியில் ஸ்டோர் கணக்குப் பார்த்தவராம். எல்லாம் பறிகொடுத்தவர்களுக்குப் பஞ்சாயத்தார் சொன்னால் போதும். அப்படித்தான் அமிர்தவல்லி பெயரை முழு இழப்பு என்று எழுதினார். புதுப் படகு வந்தால் அவள் தம்பி ஓட்டுவான், பிள்ளைகளுக்குச் சோறு ஆகும். ஏதாவது மிச்சம் இருக்கிறவர்கள் வீட்டில் மட்டும் அவரே வந்து பார்ப்பார். எதால் ஆனது, என்ன வடிவம், எதற்கு உதவும், எங்கிருந்து வந்தது, நாலு கேள்வி. ஆள் மரியாதைப்பட்டவர்தான், குரலை உயர்த்த மாட்டார்.

முருகையனுடையதைப் பார்த்ததும் "படகு, சேதம்" என்று எழுதிவிட்டார். எங்கள் வாசலுக்கு வந்து மூன்று மரத்தையும் குனிந்து பார்த்தார்.

"இது இன்னாப்பா?"

"கட்டுமரம் சார்," என்றார் என் வீட்டுக்காரர். "காயறதுக்கு அவுத்துப் போட்டிருந்தேன். ஒரு மரத்த அலை இழுத்துட்டுப் பூடுச்சி."

"நீ சொல்ற. என் கண்ணுக்குத் தடிதானே தெரியுது. வடிவம் படகா இல்ல, தண்ணியில விட்டா ஆள் ஏறவும் முடியாது. மரச்சாமான்லதான் வரும். ஒரு பொருள் ஒரு வகையிலதான் வரும்ப்பா, நான் இன்னா பண்றது."

மரச்சாமானுக்கு ஒன்றும் கிடையாது. படகு இல்லையென்றால் இவர் முருகையனிடம் கூலிக்குப் போக வேண்டும். முருகையன் முதலாளி, இவர் கூலி. மறுநாளே பஸ் பிடித்து டவுனில் அவர் ஆபீஸுக்குப் போய்ச் சண்டை போட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கட்டிக் காட்டுங்கம்மா. படகு மாதிரி இருந்தா படகுன்னு எழுதறேன்" என்றார்.

மூன்றை வைத்துக் கட்டினால் அது தெப்பமாகக்கூட நிற்காது. அந்த வாரம்தான் சக்கரபாணியின் கட்டுமரத்தில் ஒரு மரம் மட்டும் கரை ஒதுங்கியிருந்தது. அமிர்தவல்லி அதை வாசலில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருப்பாள், ராத்திரி பகல் இல்லாமல். அவளிடம் போய் அதை இரவல் கேட்க எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனாலும் கேட்டேன். "எடுத்துக்கினு போக்கா, பாத்துட்டுக் குடுத்துடு" என்று எழுந்து நின்றாள்.

நாராயணசாமி சொன்ன மாதிரியே வந்தார். நாலு மரமும் கட்டி நின்றது. ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இப்ப படகுதான். சேதம் எதுவும் இல்லியே, நல்லாத்தானே இருக்குது."

"ஒரு மரம் போயிடுச்சி சார்," என்றேன்.

"நாலும் இருக்குதேம்மா."

என் வீட்டுக்காரருக்குப் பொய் வராது. வந்திருந்தாலும் அந்த நேரத்தில் எந்தப் பொய்யைச் சொல்வது? "அந்த ஓரத்து மரம் எங்களுது இல்ல சார். வேற கட்டுமரத்தோடது, பாருங்க, ஒட்டவே இல்ல."

"அப்போ எங்கருந்து வந்துச்சு?"

"சக்கரபாணியோடது."

நாராயணசாமி காகிதத்தைப் பின்னால் புரட்டினார். "அந்தப் பேருக்கு முழு இழப்புன்னுல்ல இருக்குது."

அமிர்தவல்லி அங்கேதான் நின்றாள். "அது அப்பால ஒதுங்குச்சி சார்."

"எப்ப ஒதுங்கினா இன்னாம்மா, மிச்சம் மிச்சம்தானே. முழு இழப்புல வைக்க முடியாது. தனி மரம்னா மரச்சாமான்." அவள் பெயரை அடித்தார். பிறகு எங்கள் பெயருக்கு எதிரில் படகு, சேதமில்லை என்று எழுதினார்.

நான் அவர் முன்னால் போய் நின்றேன். "ஒரு பொருள் ஒரு வகையிலதான் வரும்னு நீதானே சொன்ன? அதே மரம் அவளுக்கு மரச்சாமான், எங்களுக்கு முழுப் படகா? ரெண்டு குடும்பத்து வாயிலயும் மண்ணப் போடறதுக்கு மட்டும் ரெண்டு வகையில வருமா?"

அவர் கோபப்படவில்லை. "நான் பாக்கறப்ப இருந்தத எழுதியிருக்கேன். ஆட்சேபம் இருந்தா மனு குடுங்க," என்றார். தண்ணீர் கேட்டார். முருகையன் வீட்டில் கொடுத்தார்கள், குடித்துவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் அப்போதே முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். நான் அவரையும் நாலு வார்த்தை திட்டினேன். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அவளுக்காவது கிடைத்திருக்கும் என்றேன். "நமக்குக் கிடைக்கணும்னுதானே சொன்னேன், சின்னப்பொண்ணு" என்றார். அது உண்மைதான். அவர் தலை நிமிரவில்லை.

கயிறு விலகியதும் அமிர்தவல்லி வந்தாள். இடுப்புக் குழந்தையைப் பெரியவளிடம் கொடுத்துவிட்டு, மரத்தின் ஒரு முனையைத் தூக்கி இழுத்தாள். ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் தூக்குகிற மரம் அது. மணலில் ஒரு முழம் நகர்வதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. என் வீட்டுக்காரர் ஓடிப்போய் மறுமுனையில் கை வைத்தார்.

"தொடாதண்ணா," என்றாள். சத்தமே போடவில்லை.

அவர் கையை எடுத்துவிட்டார். அவள் தெருக்கோடி வரை அதைத் தனியாகவே இழுத்துக்கொண்டு போனாள், நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.