செசிலியின் நெஞ்சுப் படம்

அன்று கொட்டாஞ்சேனை வீட்டில் இருந்தவர்கள் றெஜினா, அவள் மகள் செசிலி, றெஜினாவின் மச்சாள் பிலோமினா, அவள் மகள் அக்னெஸ், குடும்ப வைத்தியர் சவுந்தரநாயகம்.

செசிலிக்கு விடாத இருமல் இருந்தபோது வைத்தியர்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுப்பித்தார். சயரோகம் இல்லையென்று தெரிந்ததும், றெஜினா அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பெண் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். சம்பந்தமும் சரிவந்தது. இருமிய பெண்ணுக்கு மாப்பிள்ளை, இருமாத தன் மகளுக்கு ஒன்றுமில்லையா என்று பிலோமினாவின் வயிறு எரிந்தது.

“டொக்டர், எங்கட அக்னெசுக்கும் ஒரு படம் எடுக்க எழுதித் தாங்கோ,” என்றாள்.

“பிள்ளைக்கு இருமலோ, காய்ச்சலோ?”

“சீ, அவளுக்கென்ன குறை!”

“அப்ப ஏன்? இது ஸ்டூடியோ வெளிச்சமில்லை, அம்மா. உடம்பை ஊடுருவிப் போற கதிர். நோயைத் தேட உதவும், சும்மா பட்டால் கெடுதி. படமெடுத்தே விரல் கருகின ஆக்களை எனக்குத் தெரியும்.”

றெஜினா சிரித்தாள். “மச்சாள், வேணுமெண்டால் செசிலியின்ர படத்தையே கொண்டுபோய்க் காட்டுங்கோ. விலா எலும்பில பேரா எழுதிக் கிடக்கு?”

பிலோமினா விருட்டென்று எழுந்து மகளை இழுத்துக்கொண்டு வெளியேறினாள். “டொக்டருக்கு முன்னால ஒருக்கா இருமினால் என்னடி?” என்று வாசலில் அதட்டினாள்.

படமெடுக்கவும் ஆகாத அளவுக்கு அக்னெசின் நெஞ்சு பழுது என்று பிறகு தெருவில் கதைத்தார்கள். அது பொய். அக்னெசுக்கு ஒரு நோயும் இல்லை. அதனால்தான் வைத்தியர் மறுத்தார்.