அன்பளிப்பு தவிர்க்கவும்

ஹேமலதா குறிபார்த்துப் பந்தை மணல் பள்ளத்துக்குள் அடித்தாள். மணல் குபுக்கென்று எழும்பி அடங்கியது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் குடைக்குக் கீழே நின்றிருந்த ஜெயப்பிரகாஷ், யாருக்கும் தெரியாமல் இடுப்போரமாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவர் ஷூ கம்பெனியின் ஜெனரல் மேனேஜர். அவள் அங்கே தரம் பார்க்கிற சூப்பர்வைசர். சேர்ந்த நாளிலிருந்து அவரிடம் திட்டு மட்டுமே வாங்கியவளுக்கு, முதல் பாராட்டு இந்த மணலுக்காகக் கிடைத்தது.

முந்தின நாள் சாயங்காலம் ரூமுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "நாளைக்கி ஃபைனல்ல நீ தோக்கணும். தோக்குறது தெரியக் கூடாதும்மா, முட்டி மோதித் தோத்தா மாதிரி இருக்கணும். கப்பு, சால்வ, குத்துவிளக்கு எல்லாம் ஜெர்மன் பையர் கையில போவணும். கோபி ஃபோட்டோ எடுப்பான். அவ்ளோதான், குளிர்கால பூட் ஆர்டர் நம்பளுது. இல்லன்னா ரெண்டாவது லைன மூட வேண்டியதுதான். நான் இன்னா பண்றது?"

ரெண்டாவது லைனில் மேல்தோல் தைக்கிற பெண்கள் எல்லாரும் மாதனூர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். ஹேமலதாவும் அதே பஸ்தான். ஆகவே தோற்பதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. வெயில்தான் ஜாஸ்தி.

ஆம்பூருக்கு வெளியே மலையடிவாரத்தில் இருக்கும் இந்த கோல்ஃப் மைதானம் துரைமார் காலத்தது. போன வருஷம் வரைக்கும் குழிகளைச் சுற்றிப் புல்லே கிடையாது. மணலில் எரிந்த எஞ்சின் ஆயிலை ஊற்றி உருட்டி வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பெரிய மனிதர்கள், மற்ற கிழமைகளில் ஆடுகள். பிறகு தோல் வியாபாரிகளுக்குத் திடீரென்று பாரம்பரியத்தின் மேல் பாசம் வந்துவிட்டது. பெங்களூரிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். பழைய ஃபோட்டோ ஒன்றில் ஒரு பள்ளத்தைக் கண்டுபிடித்து, வெள்ளைக்காரன் வைத்த அசல் மணல் பள்ளம் இதுதான் என்று கண் கலங்கினார். அது ரோடு போட கிராவல் வெட்டிய பள்ளம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் நிபுணரை வரவழைத்த பிறகு உண்மையைச் சொல்வது மரியாதையில்லை என்று விட்டுவிட்டார்கள். பள்ளத்தில் மணலும் குழிகளைச் சுற்றிப் புல்லும் வந்தன. டேனரிக் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்து பாய்ச்சியதில் ரெண்டே மாதத்தில் புல் வறுத்த கருவேப்பிலை மாதிரி ஆகிவிட்டது. போட்டிக்கு முந்தின நாள், தோலுக்குச் சாயம் அடிக்கிற ஆட்கள் அதே ஸ்ப்ரே கன்னோடு வந்து பச்சை அடித்துவிட்டுப் போனார்கள். செத்த மாட்டின் தோலுக்கே இயற்கை நிறம் கொடுக்கிற ஊர் இது. புல்லெல்லாம் ஒரு பொருட்டா?

போட்டியில் ஹேமலதா வந்து மாட்டியதும் இப்படிப்பட்ட பாசத்தால்தான். பெண்களுக்கு என்ன வாய்ப்புக் கொடுக்கிறீர்கள் என்று வெளிநாட்டு ஆடிட்டர்கள் வரும்போதெல்லாம் கேட்டதில், ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெண்ணை ஆட விட வேண்டும் என்று விதி போட்டார்கள். முதலாளி வீட்டம்மாக்கள் வெயிலுக்கு வர மாட்டார்கள். ஹேமலதா பள்ளிக்கூடத்தில் பூப்பந்து ஆடியவள் என்று யாரோ போட்டுக்கொடுக்க, அவள் கையில் மட்டை வந்தது. பழகப் பழகத்தான், யாரும் எதிர்பார்க்காத சிக்கல் ஒன்று வெளியே வந்தது. அவளுக்கு நிஜமாகவே ஆட வந்தது.

இறுதிப் போட்டியில் எதிரே ஆடியவர், பூட் வாங்க ஜெர்மனியிலிருந்து வந்திருந்த பையர் டீட்டர். ஒன்பது குழிகள். ஒவ்வொரு குழியிலும் யார் கம்மி அடியில் பந்தை உள்ளே போடுகிறார்களோ, அந்தக் குழி அவர்களுக்கு. மைக்கில் வர்ணனை அருணகிரி. கல்யாண வரவேற்பு, கோயில் கும்பாபிஷேகம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான். "வீரர்களின் கவனம் சிதறும் என்பதால் பார்வையாளப் பெருமக்கள் அமைதி காக்குமாறு பணிவன்போடு கேட்டுக்கொள்கிறோம்" என்று ஒவ்வொரு அடிக்கும் மலை எதிரொலிக்கக் கத்திக்கொண்டிருந்தார்.

ஆட்டத்தில் ஏதோ சரியில்லை என்று ஹேமலதாவுக்கு நாலாவது குழியிலேயே தோன்றியது. அவள் பந்தை முள்ளுப்புதரில் அடித்தால், டீட்டர் குட்டைத் தண்ணீரில் அடித்தார். அவள் ரெண்டு அடியில் முடிப்பதை அஞ்சு அடியாக்கினால், அவர் ஆறாக்கினார். இவ்வளவு மட்டமாக ஆடுகிற ஆள் ஃபைனல் வரை எப்படி வந்தார்? அவரோடு ஆடிய மற்ற கம்பெனிக்காரர்களுக்கும் அவரவர் ஜெயப்பிரகாஷ் இருந்திருப்பார் என்று புரிந்தது. ஆனாலும் தோற்பதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும். ஏழாவது குழியில் டீட்டர் வேண்டுமென்றே திசைமாற்றி அடித்த பந்து, அருணகிரியின் ஸ்பீக்கர் பெட்டியில் மோதித் திரும்பி, குழிக்கு ரெண்டு முழத்தில் வந்து நின்றது. கூட்டம் கைதட்டியது. டீட்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் குழியோடு அவர் ஒரு குழி முன்னால் போய்விட்டார். அடுத்த குழிக்கு நடக்கும்போது அவராகவே பக்கத்தில் வந்தார். அவருடைய இங்கிலீஷ் அவளுக்குப் புரிந்தது. அவளும் அதே ஃபேக்டரி இங்கிலீஷ்தான். விளையாட்டு என்றார்கள், ஆசையாக வந்தேன், என்றார். காலையில் மைதானத்து கேட்டில், தன் ஃபோட்டோ போட்டு 'வெற்றி வீரரே வருக' என்று ஃபிளெக்ஸ் கட்டியிருந்ததைப் பார்த்த பிறகுதான் பரிசு என்று ஒன்று இருப்பதே தெரியுமாம். அவருடைய கம்பெனியில் ஒரு காபிக்கு மேல் எதை வாங்கினாலும் குற்றம். வாங்கியவரை வீட்டுக்கு அனுப்புவார்கள். கொடுத்த கம்பெனியை லிஸ்டிலிருந்தே எடுத்துவிடுவார்கள். ஃபோட்டோ ஒன்று போதும். உங்கள் பூட் நன்றாக இருக்கிறது, ஆர்டர் உங்களுக்குத்தான் என்று எழுதி வைத்திருக்கிறேன், தயவுசெய்து என்னைத் தோற்கடி, என்றார். கால் வலி என்று பாதியில் விலகிப் பார்க்கவில்லையா என்று அவள் கேட்டாள். பார்த்தாராம். மூணாவது குழியில் முழங்காலைப் பிடித்ததும், ஜெயப்பிரகாஷ் ஒரு டாக்டரையும் ரெண்டு இளநீரையும் அனுப்பிவைத்தாராம்.

ஹேமலதாவுக்கு மண்டை காய்ந்தது. காலையிலிருந்து வெயிலில் நின்று அவள் கஷ்டப்பட்டுத் தோற்றுக்கொண்டிருந்தது, சொந்த லைனை மூடுவதற்காகவா? கயிற்றோரம் போய் ஜெயப்பிரகாஷைக் கூப்பிட்டாள்.

"சார், அவருக்குப் பரிசு வேணாமாம். வாங்கனா நம்ப கம்பெனியவே தூக்கிடுவாங்களாம். உங்ககிட்ட காலைலயே சொன்னேன்றாரு."

"சொன்னாரும்மா. மூணு வாட்டி சொன்னாரு."

"அப்புறம் இன்னா சார்?"

ஜெயப்பிரகாஷ் சிரித்தார். "நீ சின்னப் பொண்ணு. கல்யாணப் பத்திரிகைல 'அன்பளிப்பு தவிர்க்கவும்'னு போடறாங்களே, அத நம்பி வெறுங்கையோட போவியா நீ?"

"அத போடறவங்க நம்ப ஊர்க்காரங்க சார். இவரு ஜெர்மனி."

"மனுஷன் எல்லா ஊர்லயும் ஒண்ணுதாம்மா. மொத வாட்டி வேணாம்னாரு, குத்துவிளக்க சேத்தேன். ரெண்டாவது வாட்டி வேணாம்னாரு, சால்வய பட்டாக்கிட்டேன். மூணாவது வாட்டி கோவமாவே சொன்னாரு. இன்னும் கம்மியா கீதுன்னு அர்த்தம். போம்மா, போய் ஒழுங்கா தோக்கற வழியப் பாரு."

"முதலாளிக்காச்சும் ஃபோன் போட்டுக் கேளுங்க சார்."

"அவரு மிலான் எக்ஸிபிஷன்ல கீறாரு. இதுக்கெல்லாம் அவர பேஜார் பண்ணுவாங்களா?"

எட்டாவது குழியில் அவள் முதல் தடவையாக ஒழுங்காக ஆடினாள். பந்து சொன்ன இடத்துக்குப் போனது. இப்போது ரெண்டு பேரும் சமம். கட்டைவிரலைக் காணோம்.

ஒன்பதாவது குழியைச் சுற்றி ரெண்டாவது லைன் பெண்களை நிறுத்தியிருந்தார்கள். பையர் ஜெயித்ததும் கைதட்டுவதற்காக அரை ஷிப்ட் லீவும் தலைக்குத் தொப்பியும் கொடுத்துக் கூட்டிவந்திருந்தார்கள். முன்வரிசையில் ஜோதி. பதினோரு வருஷமாக அதே லைன். சண்டை போட்டு வாங்கிய ஜன்னலோர மெஷின் அவளுடையது.

"ஏய் ஹேமா, இன்னாடி தொடப்பத்த புடிச்சா மாதிரி புடிக்கற? பஸ்ல வரசொல்லோ அம்மாம் பேச்சு பேசுன?"

"சும்மா இருக்கா. நீ வேற."

"சும்மாதான் நிக்கறோம் வெயில்ல. மெஷின்ல ஒக்காந்திருந்தா ஃபேனாவது இருக்கும். சட்டுனு முடிடி."

ஜோதிக்கு எதுவும் தெரியாது. சொன்னாலும் நம்ப மாட்டாள். ஜெயித்தால் ஆர்டர் வரும், ஆனால் ஜெயிக்க வேண்டியது நம் ஆள், ஆனால் மேனேஜர் தோற்கச் சொல்கிறார், ஏனென்றால் ஆர்டர் வர வேண்டும். தனக்கே ஒரு தரம் சொல்லிப் பார்த்தபோது ஹேமலதாவுக்கு மயக்கம் வந்தது.

டீட்டர் பந்தைக் குழியைத் தாண்டித் தூரமாகத் தள்ளினார். நிபுணர் கலைநயத்தோடு வைத்திருந்த சரிவு அதைச் சாவகாசமாகத் திருப்பிக் கொண்டுவந்து, குழிக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தியது. டீட்டர் ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருக்காது.

இனி ஹேமலதாவின் முறை. இந்தக் குழியில் இதுவரை அவள் அவரைவிட ஒரு அடி கம்மி. குழிக்கு இன்னும் ஆறேழு அடி தூரம். போட்டால் ஜெயம். விட்டால், டீட்டர் அந்த ஒரு சாணையும் தவறவிடுவார் என்று நம்பலாம், ஆனால் அவருடைய அதிர்ஷ்டத்தை நம்ப முடியாது. ஜெயப்பிரகாஷ் இருமினார். அப்புறம் குடையைக் கீழே போட்டார். அப்புறம் மறுபடி இருமினார். "அமைதி! அமைதி!" என்று அருணகிரி அலறினார். அவள் மூச்சை நிறுத்தி அடித்தாள். பச்சைச் சாயத்தின் மேல் கோடு போட்டுக்கொண்டு உருண்ட பந்து, குழிக்குள் விழுந்து கிணுக்கென்றது.

யாரும் கைதட்டவில்லை. தட்டச் சொன்னது அவருக்கு. ஜோதி மட்டும் விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள். டீட்டர் தொப்பியைத் தூக்கி ஆகாயத்தில் எறிந்தார், குதித்தார், ஹேமலதாவின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

அதைப் பார்த்துக்கொண்டே நின்ற ஜெயப்பிரகாஷின் முகத்தில், இருட்டு மெல்ல விலகி ஒரு யோசனை உதித்தது.

"தோத்துட்டு எப்டி சிரிக்கறாரு பாரு!" என்று கத்தினார். "இன்னா பெருந்தன்மை! இதுக்கே தனியா குடுக்கணும்யா! அருணகிரி, அனௌன்ஸ் பண்ணு!"

"சிறந்த விளையாட்டு உள்ளத்துக்கான சிறப்புப் பரிசு..." என்று அருணகிரி யோசிக்காமல் தொடங்கிவிட்டார். ஜெயப்பிரகாஷ் பட்டுச் சால்வையை உதறி விரித்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே குத்துவிளக்கை ரெண்டு பேர் தூக்கி வந்தார்கள். டீட்டர் "நோ, நோ" என்று பின்னால் நடந்தார். ஒவ்வொரு "நோ"வுக்கும் ஜெயப்பிரகாஷின் சிரிப்பு அகலமானது. டீட்டருக்குப் பின்னால் மணல் பள்ளம். கோபி கேமராவோடு ஓடிவந்து ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினான்.

ஹேமலதா மட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள். சால்வையின் மறுமுனையை ரெண்டு கையாலும் பிடித்தாள்.

"ஜெயிச்சது நானு சார். சால்வ எனக்குதான்."

"விடும்மா! ஒன் வேலைக்கி நீயே ஒல வெச்சிக்காத!"

"விட மாட்டேன் சார்."

சால்வை ரெண்டு பேருக்கும் நடுவில் திரை மாதிரி விறைப்பாக நின்றது. அந்தப் பக்கம் டீட்டருக்கு மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"மேடம், கொஞ்சம் எறக்குங்க" என்றான் கோபி, ஒரு கண்ணை மூடிக்கொண்டே. "ஜெர்மன் சார் மூஞ்சி தெரியல."

ஹேமலதா குதிகாலை உயர்த்தி, சால்வையை இன்னும் மேலே தூக்கிப் பிடித்தாள்.