அந்தோனியாருக்கு ஒரு கந்தேலா

இந்தத் தவக்காலத்துக்கு நான் விட்டது இறைச்சியை அல்ல, என் கணவர் கிறிகோரியை ஏசுவதை. இறைச்சியை விட்டிருந்தால் எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். ஏனென்றால் மனுசன் இந்தத் தவக்காலத்தில்தான் புல்லு வெட்டும் மெசின் திருத்த வெளிக்கிட்டார்.

இங்கே இத்தாலியில், லிபெர்த்தாப் பக்கம் தோட்டம் வைத்த பெரிய வீடு ஒன்றில், வீட்டுக்கார சிஞோராவின் வயதுபோன அப்பாவைப் பார்ப்பதுதான் அவருடைய வேலையாக இருந்தது. மாரியில் அந்த ஐயா கண்ணை மூடிவிட்டார். "தோட்டத்தை நான் பார்க்கிறன்" என்று இவர் போய்க் கேட்டார். சிஞோராவுக்கு விருப்பம். ஆனால் அவவின் மருமகன் ஏற்கெனவே ஒரு தோட்டவேலைக் கொம்பனியோடு பேசி வைத்திருந்தான். கடைசியில் முடிவு இப்படி வந்தது: உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த நாள் தோட்டத்தில் விருந்து, அதற்குள் புல்லை ஒழுங்காக வெட்டிக் காட்டினால் தோட்டம் இவருக்கு, இல்லாவிட்டால் கொம்பனிக்கு.

இவருக்கு அந்தத் தோட்டம் எவ்வளவு வேண்டுமென்று எனக்குத்தான் தெரியும். வருடக்கணக்காக மருந்து மணக்கும் ஓர் அறைக்குள், யன்னலைத் திறந்தால் ஐயாவுக்குக் குளிருமென்று பூட்டியபடியே இருந்த மனுசன். ஒருநாளும் வாய்விட்டுக் குறை சொன்னதில்லை. ஆனால் சிஞோரா தவணை கொடுத்த அன்று எங்கள் குசினியில் நின்று பாட்டுப் படித்தார்.

சரி, அந்தத் தோட்டத்தில் பழுதாகிக் கிடந்த மெசினுக்கு வருவோம்.

"மன்னாரில அப்பாவின்ரை லாண்ட்மாஸ்டர் உழவு மெசினைப் பிரிச்சுப் பூட்டினது ஆர்? நான்தானே! இதெல்லாம் அதின்ரை குஞ்சு" என்றார். மெசினைச் சரித்து, அடியில் காய்ந்து ஒட்டியிருந்த புல்லைச் சுரண்டினார். அலகைத் தீட்டினார். பழைய பெற்றோலை வெளியே ஊற்றிவிட்டுப் புதுசு விட்டார், எண்ணெய் மாற்றினார், காற்று வடிகட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவித் துடைத்தார். எதனால் துடைத்தார்? என்னுடைய நல்ல துவாயால். நான் செபமாலையை எடுத்துக்கொண்டு மற்ற அறைக்குள் போய்விட்டேன்.

எல்லாம் பூட்டிக் கயிற்றை இழுத்தால், மெசின் ஒருதரம் இருமிவிட்டுச் செத்துப்போனது. இழுத்து இழுத்துத் தோள்மூட்டு வீங்கியதுதான் மிச்சம்.

பெரிய வியாழனும் வந்துவிட்டது. மெசின் இருமுவதை போனில் வீடியோ எடுத்து, அல்பெர்கேரியாவில் எங்கள் ஒழுங்கையிலேயே மோட்டார்சைக்கிள் திருத்துகிறவனிடம் காட்டிவிட்டு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"என்னவாம்?" என்றேன்.

"கந்தேலா நோவா எண்டான். சொல்லிப்போட்டு மேலை வானத்தைப் பார்த்தான், அமலினி."

கந்தேலா என்றால் மெழுகுதிரி. கோயிலில் கொளுத்துகிற மெழுகுதிரி. அதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே இல்லை. புது மெழுகுதிரி கொளுத்து, இனிக் கடவுள் விட்ட வழி என்று சொல்லியிருக்கிறான்!

"நக்கலடிச்சிருப்பான்" என்றேன்.

"இல்லை. சீரியசாத்தான் சொன்னவன். அந்தோனியாருக்கு வைப்பம், வாரும்."

ஏசக்கூடாதே. போனேன்.

கோயிலில் மெழுகுதிரி விற்கும் மேசையில் ஒரு பருத்த பெண் இருந்தாள். புருசன் பல்லாரோ சந்தையில் மரக்கறி விற்கிறவர். என்னுடைய மனுசன் இருக்கிறதுக்குள்ளே பெரிய திரியைத் தூக்கினார். அவள் இரக்கத்தோடு இத்தாலியனில் கேட்டாள், யாருக்குச் சுகமில்லை என்று.

"தல்யாஎர்பா" என்றார் இவர். புல்லு வெட்டும் மெசின்.

அவள் அதை யாரோ சொந்தக்காரரின் பெயரென்று நினைத்து, பாவம், எத்தனை வயது என்றாள். நான் கையால் கயிறு இழுத்துக் காட்டி, "டுர், டுர்" என்று சத்தமும் போட்டு, மெக்கானிக் சொன்னதையும் சொன்னேன். அவள் கொஞ்சநேரம் எங்களைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். மேசை ஆடி, திரிகள் உருண்டு, கும்பிட்டுக்கொண்டிருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் புருசனுடைய மூன்று சில்லு வண்டிக்கும் வருடா வருடம் கந்தேலா மாற்றுவதாகச் சொன்னாள். எஞ்சினுக்குள் பொறி தட்டுகிற சாமானுக்கும் அதே பெயராம்.

"பிளக்!" என்று இவர் கோயிலுக்குள் கத்தினார்.

"லாண்ட்மாஸ்டரைப் பிரிச்ச ஆளுக்குப் பிளக் தெரியாதோ?" என்றேன். அது ஏச்சல்ல, கேள்வி.

"அது டீசலப்பா! டீசலுக்கு ஏது பிளக்?"

எடுத்த திரியைத் திரும்ப வைக்க மனம் வரவில்லை. அந்தோனியாருக்குக் கொளுத்திவிட்டு, நேரே பிளக் வாங்கப் போனோம். அடுத்த நாள் பெரிய வெள்ளி, இவர் சாமான் எதையும் தொடவில்லை. சனிக்கிழமை பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினார். ஒரே இழுவை. மெசின் போட்ட சத்தத்தை போனில் எனக்குக் கேட்க வைத்தார். இடையில் அவர் சொன்ன ஒன்றும் விளங்கவில்லை.

திங்கட்கிழமை விருந்து. ஞாயிறோடு என் நோன்பு முடிந்துவிட்டதால், துவாயிலிருந்து தொடங்குவதென்று ஏச்செல்லாம் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். காலையிலேயே புல்லு வெட்டப் போன மனுசன் பின்னேரம் வந்தார். சேட்டில் புல்லுத் துணுக்கு, மூக்கு வெயிலில் சிவந்திருந்தது. நேரே சுவரோரம் இருந்த அந்தோனியார் சுருவத்துக்கு முன்னால் போய், அந்தப் பாழாய்ப்போன துவாயை விரித்தார். அதற்குள் கரி பிடித்த பழைய பிளக்கும், சிஞோரா கொடுத்துவிட்ட தோட்டத்துக் கேற்றுப் பூட்டின் திறப்பும் இருந்தன. பிளக்கை எடுத்து அந்தோனியாரின் காலடியில் வைத்தார்.

"இதுகும் கந்தேலாதானே" என்றார்.

அடுக்கி வைத்த ஏச்செல்லாம் கிடக்க, திறப்பை எடுத்து ஆணியில் கொழுவினேன்.

"நாளைக்கு எத்தினை மணிக்குப் போகவேணும்?" என்றுதான் கேட்டேன்.

"வெயில் வந்தோடனை" என்றார்.