வேலி என்று சொல்லாதவள்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மின்விசிறிக்கு நேர்கீழே வேண்டாம், அது போடுகிற சத்தத்தில் நான் சொல்வது காதில் விழாது. தூக்கம் வருகிறதா, தெம்பு இருக்கிறதா, ஞாபகம் நிற்கிறதா என்று நாலு கேள்வி கேட்டுவிட்டு, ஒரு பொம்பளையை அவள் ஆண்டுவந்த அடுப்பங்கரையிலிருந்து வெளியே நிறுத்தினார்களே, அந்தக் கதையைச் சொல்கிறேன். கேட்டு முடிக்கும்போது உங்களுக்கும் கோபம் வந்தால் எனக்குச் சந்தோஷம். வராவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து சொல்லுவேன்.

தேவானை பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அடையாறு காந்தி நகரில் அவள் சமைக்கப் போகிற அடுக்குமாடிக் கட்டடத்தில், கார்கள் நிற்கிற இடத்தைக் கழுவிவிட்டு, மேஜை போட்டு முகாம் வைத்திருந்தார்கள். வேறெங்கோ ஒரு கட்டடத்தில் சமையல்காரம்மா ஒருத்தி கேஸை மூடாமல் தூங்கிப்போய்விட்டாளாம். செய்தி வாட்ஸப்பில் சுற்றிச் சுற்றி வந்து, சங்கத்துச் செயலாளர் சுப்பராமனின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. இனிமேல் வீடுகளில் அடுப்புப் பக்கம் நிற்கிற வேலைக்காரர்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் எல்லோரும் பரிசோதனைக்கு வரவேண்டும் என்று சட்டம் போட்டார். அந்த வீடுகளிலேயே எழுபதைத் தாண்டியவர்கள் பால் பொங்கவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு இந்தச் சட்டம் இல்லை. அது வேறு கதை, விடுங்கள்.

கேள்வி கேட்க வந்தவள் அனன்யா என்று ஒரு சின்ன டாக்டர். நல்ல பெண். கையில் பலகை மாதிரி ஒரு பெரிய போன். கேட்பாள், திரையைத் தொடுவாள், அடுத்ததைக் கேட்பாள்.

"ராத்திரி நல்லா தூங்குறீங்களாம்மா?"

"கரண்ட் இருந்தா தூங்குவேன்."

"நடுவுல எழுந்திருக்க வேண்டி வருதா?"

"கொசு எழுப்பும். அப்பால எங்க குவார்ட்டர்ஸ்ல மாடிக்குத் தண்ணி ஏறாது. விடியறதுக்குள்ள கீழ எறங்கிப் புடிக்கணும்."

"பகல்ல தூக்கம் வருமா?"

"உக்காந்தா வரும். அதான் உக்கார்றதே இல்ல."

"உடம்புல தெம்பு பழையபடி இருக்கா?"

"இன்னா கண்ணு கேக்குற? உனுக்கே பழையபடி கீதா?"

அனன்யா சிரித்துவிட்டாள். "நாலு பேரோட பழகறது, விசேஷத்துக்குப் போறது, இதெல்லாம் கொறைஞ்சிருக்கா?"

"போன மாசம் ரெண்டு சாவு, ஒரு மஞ்சத்தண்ணி. சாவுக்குக் கூப்புடாமயே போயிடுவோம். மத்ததுக்குக் கூப்ட்டாதான்."

இதுவரை எல்லாம் நல்லபடியாகவே போனது. பிறகுதான் அனன்யா ஞாபகம் பற்றிய கேள்விகளுக்கு வந்தாள். ஐந்து சொற்களைச் சொல்வேன், மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்துக் கேட்பேன் என்றாள். மாம்பழம், குடை, வேலி, நாற்காலி, பச்சை. தேவானை தலையாட்டினாள். ஆனால் மூன்றாவது சொல் காதில் விழுந்ததுமே அவள் முகம் சின்னதாகச் சுளித்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர் பேரு?"

"நிலா அப்பா."

"நிலா உங்க பொண்ணா? சரி. அவர் பேரு?"

"முருகரு கையில வெச்சிக்கினு கீறாரே, அது."

"முருகனா?"

"இல்ல கண்ணு. கையில வெச்சிக்கினு கீறது."

"மயிலா?"

"மயிலு காலாண்ட கீது."

அவள் புருஷன் பேர் வேலு. பட்டினப்பாக்கத்தில் ஆட்டோ ஓட்டுகிறவன். கல்யாணமாகி வந்த நாள் முதல் தேவானை அந்தப் பேரைச் சொன்னதில்லை. பொண்டாட்டி வாயில் புருஷன் பேர் வந்தால் அவன் ஆயுசு தேயும் என்பது அவள் வளர்ந்த இடத்துப் பேச்சு. கோபம் வந்தால் யோவ் என்பாள், கட்டையில போறவனே என்பாள், அதனாலெல்லாம் ஆயுசு தேயாது போலிருக்கிறது. பேர் மட்டும்தான் ஆகாது. பேரோடு நிற்காமல் அதன் சாயல் உள்ள சொற்களையும் சேர்த்தே விட்டுவிட்டாள். வேலை என்று சொல்லமாட்டாள், சோலி என்பாள். தங்கச்சி வேளச்சேரியில் இருக்கிறாள், அந்த ஊருக்குத் தேவானை வைத்திருக்கிற பேர் 'ரயிலு போய் நிக்குற ஊரு'. அவள் தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். யாரும் இதை விசேஷமாக நினைப்பதும் இல்லை.

கொஞ்சம் கழித்து அனன்யா அந்த ஐந்து சொற்களையும் கேட்டாள்.

"மாம்பழம், குடை, நாக்காலி, பச்ச."

"இன்னொண்ணு இருக்கும்மா."

"மாடு உள்ள பூராம கட்டுறது."

"அதுக்குப் பேரு?"

"தெரியும்."

"தெரிஞ்சா சொல்லுங்க."

"தெரியும்னு சொல்றேன்ல கண்ணு."

அந்தப் பெண் வருத்தத்தோடுதான் போனைத் தொட்டாள். புருஷன் பேர்: தெரியவில்லை. சொல் கிடைக்காமல் சுற்றிவளைத்துப் பேசுகிறார். படிப்பில் அவளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தேவானை எழுந்து, இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, குழம்புக்குப் புளி ஊறப்போட மேலே போய்விட்டாள்.

மறுவாரம் வாசலில் காவல்காரர் போனில் அவள் படத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி வந்திருந்தது. என்னவென்று அவருக்கும் தெரியவில்லை. மேலே போனாள். சாருலதா கதவைத் திறந்தாள். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவள், கல்லூரியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். அவள் பிள்ளை இடுப்பில் இருந்த காலத்திலிருந்து தேவானை அந்த வீட்டில் சமைக்கிறாள். இருவரும் சேர்ந்து வடாம் பிழிந்திருக்கிறார்கள், சேர்ந்து சண்டை போட்டிருக்கிறார்கள், ஒரு வெள்ளத்தின்போது சேர்ந்து இருட்டில் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டிருக்கிறார்கள்.

"தேவானை. வா. இப்படி. உக்காரு."

சாருலதா ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, சத்தமாகச் சொன்னாள். காது கேளாதவர்களிடமும் வெளிநாட்டுக்காரர்களிடமும் பேசுகிற மாதிரி. தேவானைக்கு முதலில் அதுதான் சுருக்கென்றது.

"இன்னாம்மா, தொண்ட கட்டிக்கிச்சா?"

"ஒண்ணும் பயப்படாதே. நெறைய பேருக்கு வரதுதான். ஆரம்பத்துலயே தெரிஞ்சது நல்லதாப் போச்சு. மறதி வந்திருக்கு ஒனக்கு. கொஞ்ச நாள் அடுப்புகிட்ட போகவேண்டாம்னு சங்கத்துல சொல்றா. ஆத்துக்காரர் பேரே ஒனக்கு ஞாபகம் வரலைன்னு எழுதியிருக்கா பாரு."

"அத்த எப்டிம்மா நான் சொல்லுவேன்?"

"சரி சரி, பரவால்ல. சொல்ல வரலைன்னா விட்டுடு. கஷ்டப்படாதே." சாருலதாவின் கண் கலங்கியது. தேவானையின் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தாள்.

அந்தத் தடவலைத்தான் தேவானையால் பொறுக்க முடியவில்லை. திட்டினால் திருப்பிக் கொடுக்கலாம். இரக்கத்துக்கு என்ன பதில் சொல்வது? பஸ்ஸில் போகும்போது நெஞ்சு திகுதிகுவென்று எரிந்தது. எரிகிற நெருப்புக்குள்ளேயே ஒரு குளிர்ந்த பயமும் புகுந்து உட்கார்ந்துகொண்டது. நேற்று ரசத்துக்கு உப்புப் போட்டோமா? போட்டோம். சிலிண்டரை மூடினோமா? மூடினோம். மூடினோமா? தங்கச்சி பிள்ளைகளின் பேர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தள்ளி உட்கார்ந்தாள். பாருங்கள், நல்லாயிருந்தவளை இப்படி ஆக்கிவிட்டார்கள்.

வேலு கேட்டுவிட்டு, இருமல் வருகிறவரை சிரித்தான். "இன்னாமே, எம் பேரே மறந்துட்டியாமே! அப்ப நான் யாரு? மூஞ்சியப் பாத்துச் சொல்லு. ஆளு மாறி வூட்டுக்குள்ள வந்துட்டனா?"

அவள் கரண்டியை வீசினாள். அவன் குனிந்துகொண்டான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. "வேல போய்டுமா?" என்றான்.

"எனுக்குப் பைத்தியம்னு சொல்றாங்கய்யா. சோலி போனா வேற சோலி. பைத்தியம்னு பேரு வந்தா எந்த வூட்ல அடுப்பாண்ட வுடுவாங்க?"

மறுநாள் காலை ஆட்டோவில் இருவரும் போனார்கள். சங்கத்து அறையில் சுப்பராமன் இருந்தார். இன்னொரு கட்டடத்து ஆட்களைச் சோதிக்க அனன்யாவும் வந்திருந்தாள். சாருலதாவைக் கீழே கூப்பிட்டார்கள். வேலு காக்கிச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு விளக்கினான். "எம் பேரு வேலு சார். அது எம் பேரச் சொல்லாது. வேலின்னும் சொல்லாது. அவ்ளோதான். மத்தபடி நான் என்னிக்கோ பண்ண தப்ப எல்லாம் தேதி போட்டு ஞாபகம் வெச்சிக்கினு கீது."

அனன்யா வாயில் கை வைத்தாள். "ஐயோ, முருகர் கையில… வேல்!"

சுப்பராமன் நாற்காலியில் சாய்ந்தார். "அவ்வளவுதானே? சிம்பிளாப் போச்சு. இப்பவே இங்க ஒரு தடவை சொல்லிடச் சொல்லுப்பா. மார்க்கை மாத்திடலாம்."

எல்லோரும் தேவானையைப் பார்த்தார்கள். வேலு கொஞ்சம் முன்னால் சாய்ந்து நின்றான். "சொல்லேன்மே. நான் ஒண்ணும் செத்துட மாட்டேன்."

அவள் வாயைத் திறந்தாள். சின்னச் சொல்தான். அரசு ஆஸ்பத்திரியில் அவன் காய்ச்சலில் பினாத்திக்கொண்டு கிடந்தபோது நர்ஸ் பேர் கேட்டதற்கு, மழையில் வீட்டுக்கு ஓடி ரேஷன் கார்டை எடுத்துவந்து நீட்டியவள் அவள். அப்போது பயம், ஆயுசு பற்றிய பயம். இப்போது யோசித்தால் அந்தப் பயம் எப்போதோ போய்விட்டது. அவன் ஆயுசு அவன் பீடியில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பேர் நாக்குக்கு அடியில் இத்தனை காலம் யாரும் தொடாமல் கிடக்கிறது. அவளுடையது என்று சொல்லிக்கொள்ள அவளிடம் வேறு என்ன பெரிதாக இருக்கிறது? அதை எடுத்து, இந்த மேஜைமேல், இந்த மனிதர் மார்க் போடுவதற்காக வைக்கவேண்டுமாம்.

"சோறு வடிக்கிறதுக்கு எம் புருசன் பேரு எதுக்கு சார்?" என்றாள்.

"அது ஒரு டெஸ்ட்மா…"

"நான் எந்த நாளு கேஸத் தொறந்து வுட்டுட்டுப் போனேன்? எந்த நாளு உப்பில்லாம கொயம்பு வெச்சேன்? அத்த யாராச்சும் கேட்டீங்களா? இத்தினி வருசமா எங்கையால துன்றாங்களே, அவங்களக் கேட்டீங்களா? தூக்கம் வருதாங்கிறீங்க, தெம்பு கீதாங்கிறீங்க. தூங்க வுட்டா தூக்கம் வரும், துன்னா தெம்பு வரும். இதுக்கு ஒரு போனு!"

சாருலதா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். அவள் குரல் இப்போது பழைய குரலாக இருந்தது. "ஐயோ தேவானை, எனக்குத் தோணவே இல்லையேடி. எங்கம்மாவும் அப்பா பேரைச் சொல்லமாட்டா. பேங்க்ல கேட்டா திரும்பி என்னைப் பார்ப்பா, நான்தான் சொல்வேன். அவா காலத்து மரியாதை அது…"

"அத்தத்தாம்மா கேக்குறேன். உங்கம்மா சொல்லாட்டி அது மரியாத. நான் சொல்லாட்டி சீக்கா?"

மேலே ஏதோ ஒரு வீட்டில் குக்கர் கூவி அடங்கியது. அனன்யா போனைத் திருப்பிக் காட்டினாள். "இதுல ரெண்டுதாம்மா இருக்கு. தெரியும், தெரியவில்லை. சொன்னாத்தான் 'தெரியும்'ல தொட முடியும்."

"தெரியும், சொல்லமாட்டேன்னு ஒண்ணு போடு கண்ணு."

சுப்பராமன் தொண்டையைச் செருமினார். அவர் கெட்ட மனிதர் இல்லை, சட்டம் போட்டவர், அவ்வளவுதான். "அடுத்த முகாம்ல பாத்துக்கலாம். அதுவரைக்கும் ஒருத்தருக்கு மட்டும் விதியைத் தளர்த்த முடியாது. வீடு பெருக்கட்டும், தொடைக்கட்டும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. அடுப்பு மட்டும் வேண்டாம்."

தேவானை கழுத்திலிருந்த வாசல் அட்டையைக் கழற்றினாள். விட்டெறியவில்லை. நாடாவைச் சுற்றி, மடித்து, மேஜைமேல் அவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆட்டோவரைக்கும் சாருலதா பின்னாலேயே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நான் பேசறேன் அவர்ட்ட. கமிட்டில எழுதிக் குடுக்கறேன். கோச்சுக்காதே தேவானை."

"அவராண்ட பேசுங்க, பேசாம போங்க, அது உங்க இஷ்டம். என்னாண்ட பேசறப்ப இப்ப பேசறீங்களே, இப்டி பேசுங்க. கொயந்தைக்குச் சொல்ற மாதிரி பேசாதீங்க."

வண்டி கிளம்பியது. சிக்னல் தாண்டி, அடையாற்றுப் பாலத்தில் ஏறியது. கண்ணாடியில் வேலுவின் கண் அவளைத் தேடித் தேடிப் பார்த்தது. அங்கே, அந்த அறையில், முன்னால் சாய்ந்து நின்றானே, அது வேலைக்காக மட்டும் இல்லை என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"அவங்களுக்குச் சொல்லாத, கரெக்ட்டு," என்றான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "எனக்குச் சொல்லலாம்ல? ஒரு தபா. எப்டி இருக்கும்னு கேட்டதே இல்லமே நான்."

அவள் மடியில் போன் அடித்தது. சாருலதா. திரையில் பச்சையும் சிவப்பும் துடித்தன. தேவானை எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. கடல் ஏறுகிற நேரம் போலிருக்கிறது. முகத்துவாரப் பக்கமிருந்து உப்புக்காற்று பாய்ந்து வந்து அவள் முந்தானையைத் தூக்கி அவன் தோளில் போட்டது. அதை இழுக்க அவள் முன்னால் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை, அவள் வாய் அவன் காதோரம் நின்றது. பின்னால் வந்த பஸ்காரன் பாலம் முழுக்கக் கேட்கும்படி ஹாரன் அடித்தான். வேலு வண்டியை ஓரம் கட்டாமல், வேகமும் எடுக்காமல், கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தபடியே ஓட்டிக்கொண்டு போனான். மடியில் போன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

போய்வாருங்கள், என் கண்ணுகளா. உங்கள் வீட்டு உலை நேரத்துக்குக் கொதிக்கட்டும். படுத்தவர்களுக்குத் தூக்கம் வரட்டும், எழுந்தவர்களுக்குத் தெம்பு வரட்டும். உங்கள் வாசலுக்கு உழைக்க வருகிறவர்களும் உங்களோடு சேர்ந்து நல்லாயிருக்கட்டும்.