அருமையான ஃப்ளாப்

செங்கல்பட்டில் அந்த ஆஸ்பத்திரி வார்டுக்குள் யாரும் சிரிப்பதில்லை. எந்தப் பலகையிலும் அப்படி எழுதியிருக்கவில்லை. கியாசுதீனின் வயிற்றைப் பார்த்தாலே எல்லாருக்கும் விளங்கிவிடும். மாமல்லபுரம் சாலையில் பஸ் கவிழ்ந்து அவனுடைய வலது புறங்கைத் தோல் உரிந்துபோயிருந்தது. டாக்டர் அவனது அடிவயிற்றுத் தோலை மெல்லிய மடலாகக் கிளப்பி, ஓர் ஓரம் வயிற்றிலேயே ஒட்டியிருக்க, மறு ஓரத்தைக் கையோடு தைத்திருந்தார். சிரித்து வயிறு குலுங்கினால் தையல் தெறிக்கும். கை தேறாவிட்டால் பரோட்டா வீசிப் பிழைப்பவனுக்குக் கடை ஏது? ஆகவே, வாயைத் திறந்தாலே வேடிக்கை பேசும் மச்சான் ரஹ்மத்துல்லாகூட அங்கே மையத்து வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவனைப்போல் உட்கார்ந்திருந்தான்.

மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டர், "அருமையான ஃப்ளாப்!" என்றார்.

ஓடாத சினிமாவுக்கு மட்டுமே அச்சொல்லைக் கேட்டிருந்த மனைவி ஜெய்புன்னிசா அலறினாள். "அய்யோ, ஃப்ளாப்பா! நல்லாத்தான போய்க்கினு இருந்திச்சு!"

"அழாத தங்கச்சி," என்று தேற்றினான் ரஹ்மத்துல்லா. "இங்கதான் ஃப்ளாப்பு. மதுராந்தகத்துல ஓடுனாலும் ஓடும்."

கியாசுதீன் தலையணையைக் கடித்தான். வயிறு துடித்தது, கூடவே கையும் துடித்தது.

"ஃப்ளாப்புன்னா இந்தத் தோல்தாம்மா," என்றார் டாக்டர், முகத்தில் ஒரு சுருக்கமும் அசையாமல். "உங்க வீட்டுக்காரர் வீசுற பரோட்டா மாதிரி மெல்லிசா எடுத்தேன். நல்லா ஒட்டிக்கிச்சு. நாளைக்கே வயித்துலேர்ந்து கையைப் பிரிச்சுடலாம்."

ஜெய்புன்னிசா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ நாளையோட படத்தைத் தூக்கிடுவீங்களா, டாக்டரய்யா?"

கியாசுதீன் கெஞ்சும் கண்களோடு டாக்டரைப் பார்த்தான். டாக்டரோ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வார்டே அதிரும்படி சிரித்துக்கொண்டிருந்தார்.